வீட்டைக் காலி செய்யச் சொன்னால்: மலையக வாடகைக் குடும்பங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அப்பாவின் பிஸ்கட் டின் இன்னமும் எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. உள்ளே நகையும் இல்லை, காணி உறுதியும் இல்லை. மாதவாரியாக அடுக்கி, துருப்பிடித்த குண்டூசியால் குத்திவைத்த வாடகைப் பற்றுச்சீட்டுகள்தாம் இருக்கின்றன. அடியில் கிடப்பவை வீட்டுக்காரர் தம் கையால் எழுதிக் கொடுத்தவை. மேலே இருப்பவை நகரசபை முத்திரை விழுந்த சீட்டுகள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று சொன்னாலே வாடகைச் சட்டத்தில் பாதி விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா தையற்காரர். பண்டாரவளைக் கடைவீதிக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட பழைய வீடு; மாத வாடகை 60 ரூபாய். 1986ஆம் ஆண்டு ஒரு மாதம் ஐந்தாம் திகதி, வழக்கம்போல் பணத்தைக் கடித உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனார். "இப்போது வேண்டாம், பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த மாதமும் அதே பதில். அதற்கடுத்த மாதம் முதலாளி ஊரில் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தையல் மேசை இழுப்பறையில் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. ஐந்தாவது மாதம் பதிவுத் தபாலில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வாடகை மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருப்பதாகவும், மூன்று மாதம் கழித்து இன்ன திகதியோடு வாடகை உரிமை முடிவதாகவும், அதற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றும் அதில் இருந்தது.

வாங்க மறுத்த கையே நிலுவை என்று எழுதியிருந்தது. அம்மா அன்றிரவு பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். அந்தக் கடிதத்தை மறுநாள் எங்களுக்கு வாசித்துச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, இது வெளியேறச் சொல்லும் கடிதம். வெளியேற்றும் கடிதம் இல்லை. பணத்தை எடுத்துக்கொண்டு நேரே நகரசபைக்குப் போங்கள்" என்றார்.

அவர் சொன்ன அந்த வித்தியாசத்தை மலையகத்தில் வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர் உங்களைப் போகச் சொல்லலாம். சட்டத்தரணி கடிதம் அனுப்பலாம். ஆனால் போக மறுக்கும் ஒருவரை வீட்டிலிருந்து இறக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. தீர்ப்பு கிடைத்த பிறகும் அதை நிறைவேற்றுவது நீதிமன்றத்தின் பிஸ்கல் அதிகாரிதான். வீட்டுக்காரரின் மைத்துனரோ பொலிஸ்காரரோ அல்லர்.

வாடகைக் கட்டுப்பாடு எதற்காக வந்தது

இலங்கையில் இது போர்க்காலத்தில் முளைத்த சட்டம். இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாகி வாடகை ஏறியபோது, 1942இல் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. இன்றும் நடைமுறையில் இருப்பது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். இடையிடையே பலமுறை திருத்தப்பட்டாலும் எலும்புக்கூடு அதுதான்.

இந்தச் சட்டத்துக்கு இரண்டு கைகள். ஒன்று வாடகையைப் பிடித்துவைக்கிறது. உள்ளூராட்சி மன்றம் வீட்டுக்கு மதிப்பிட்ட ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு 'நியம வாடகை' என்று ஒன்று கணக்கிடப்படும். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. மற்றக் கை வெளியேற்றத்தைப் பிடித்துவைக்கிறது. பலரும் முதலாவதைத்தான் வாடகைக் கட்டுப்பாடு என்று நினைக்கிறார்கள். எனக்கு இரண்டாவதே முக்கியமாகப் படுகிறது. வாடகையைக் கூட்டக் கூடாது என்று மட்டும் சொல்லி, நினைத்த நேரத்தில் ஆளை வெளியேற்றலாம் என்று விட்டுவிட்டால் என்ன நடக்கும்? "கூட்டித் தருகிறாயா, போகிறாயா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். வெளியேற்றத்துக்குக் கடிவாளம் இருந்தால்தான் வாடகைக்கும் கடிவாளம் நிற்கும்.

ஆகவே இந்தச் சட்டத்துக்குள் வரும் வீட்டில், ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பதோ, வீட்டுக்காரருக்கு மனம் மாறிவிட்டது என்பதோ வெளியேற்றுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. 22ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கும் காரணங்களில் ஒன்றாவது இருக்கவேண்டும். அதை வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும்.

அந்தக் காரணங்கள்

முதலாவது, வாடகை நிலுவை. நடைமுறையில் அதிகம் தூக்கப்படும் ஆயுதம் இதுதான். வாடகைக்காரருக்குச் சட்டம் அதிகம் குடை பிடிப்பதும் இங்கேதான். நியம வாடகை 100 ரூபாய்க்கு மேற்படாத குடியிருப்பு என்றால் (பழைய வீடுகளின் நியம வாடகை பெரும்பாலும் இப்படிச் சிறிய தொகைதான்), கொடுக்கவேண்டிய நாள் கடந்து மூன்று மாதமாவது வாடகை நிலுவையில் இருக்கவேண்டும். அதற்கு மேற்பட்ட வீடுகளுக்கு விதி இன்னும் இறுக்கமானது. நிலுவை இருந்தாலும் உடனே வழக்குக்குப் போக முடியாது. முதல்முறை நிலுவை வைத்தவருக்கு மூன்று மாத முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்கவேண்டும். இரண்டாம் முறைக்கு இரண்டு மாதம். மூன்றாம் முறையிலிருந்து ஒரு மாதம். அந்த அறிவித்தலில் குறிப்பிட்ட கடைசி நாளுக்கு முன் நிலுவை முழுவதையும் செலுத்திவிட்டால், அந்தக் காரணத்தை வைத்து வழக்குத் தொடரும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை.

எங்கள் அம்மா பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த இரவில் எங்களுக்கு இது தெரியாது. கடிதத்தில் இருந்த மூன்று மாதம் எங்களை வெளியேற்றுவதற்கான கெடு என்று நினைத்தோம். அது சட்டம் எங்களுக்குத் தந்த அவகாசம்.

இனி, வாங்க மறுப்பவரிடம் எப்படிச் செலுத்துவது? இதற்கென்றே 21ஆம் பிரிவு இருக்கிறது. வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுப்பதற்குப் பதிலாக, உள்ளூராட்சி மன்றத்தில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் செலுத்தலாம். அப்படிச் செலுத்திய பணம் வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். அப்பா இழுப்பறையில் இருந்த ஐந்து உறைகளையும் எடுத்துக்கொண்டு நகரசபைக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொரு உறையாகப் பிரித்து எண்ணிவிட்டு, வீட்டு இலக்கத்தையும் வீட்டுக்காரர் பெயரையும் கேட்டு எழுதி, முத்திரை குத்திச் சீட்டைத் தள்ளினார். அந்தச் சீட்டின் நகலைப் பதிவுத் தபாலில் வீட்டுக்காரரின் சட்டத்தரணிக்கு அனுப்பினோம். வழக்கு வரவே இல்லை. அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி அப்பாவின் நடை நகரசபைப் பக்கம் திரும்பிவிட்டது.

நிலுவைக்கு உண்மையான காரணம் இருந்தால், அதாவது நோய், வேலை இழப்பு போன்றவை இருந்தால், அதை நீதிமன்றத்தில் சொல்லித் தவணை முறையில் கட்டுவதற்கு அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் பெரிய இழப்பு. எதிராளி வராத வழக்கில் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும்.

இரண்டாவது காரணம், வீடு தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ நியாயமாகத் தேவைப்படுகிறது என்பது. இங்கே 'நியாயமாக' என்ற சொல்லில்தான் வழக்கே நடக்கும். மகனுக்குக் கலியாணம், ஆகவே வீடு வேண்டும் என்று சொல்வது மட்டும் போதாது. வீட்டுக்காரரின் நெருக்கடியையும் வெளியேற்றப்பட்டால் வாடகைக்காரர் படப்போகும் நெருக்கடியையும் நீதிமன்றம் தராசில் வைத்துப் பார்க்கும். ஆகவே நீங்கள் வேறு வீடு தேடி அலைந்ததற்கு ஆதாரம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் தட்டில் விழும் எடைக்கல்.

நியம வாடகை 100 ரூபாய்க்கு மேற்படாத வீடுகளுக்கு இந்தக் காரணத்தில் ஒரு தடுப்பும் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும்போதே உங்கள் தலைக்கு மேல் வீட்டை ஒருவர் விலைக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் மறுமாதமே வந்து "எனக்குக் குடியிருக்க வேண்டும்" என்று வழக்குப் போட முடியாது. நீங்கள் குடிவந்த பிறகு வீட்டை வாங்கியவருக்கு அந்தக் காரணத்தைச் சொல்லும் வழியைச் சட்டம் அடைத்துவைத்திருக்கிறது. பெற்றோரிடமிருந்தோ வாழ்க்கைத் துணையிடமிருந்தோ வழிவந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டை மலிவாக வாங்கி, குடும்பத்தை வெளியே தள்ளி, பிறகு உயர்ந்த விலைக்கு விற்கும் வியாபாரத்துக்கு வைத்த ஆப்பு இது. சட்டம் எழுதியவர்கள் ஊர் நடப்பை அறிந்தவர்கள் என்று இந்த இடத்தில் எனக்குத் தோன்றும்.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சட்டம் மறந்துவிடவில்லை. சொந்தமாக ஒரே ஒரு வீடு உள்ளவர், அதையும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஒண்ட இடமில்லாமல் நிற்கலாம். அவருக்காக 1977இல் ஒரு திருத்தம் வந்தது. தேசிய வீடமைப்பு ஆணையாளருக்கு அறிவித்து, வாடகைக்காரருக்குச் சேரவேண்டிய பல ஆண்டு வாடகைக்குச் சமமான தொகையை அந்த ஆணையாளரிடம் முன்கூட்டியே கட்டி, அதன்பின் வழக்குத் தொடரலாம். ஓய்வூதியத்தில் வாழும் விதவை ஒருவர் தம் ஒரே வீட்டைத் திரும்பக் கேட்பதும், ஏழெட்டு வீடு வைத்திருப்பவர் ஒரு தையற்காரரைத் துரத்துவதும் ஒன்றில்லை.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயலாருக்குத் தொல்லையாக இருப்பது. வீட்டைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தித் தண்டனை பெறுவது. வேண்டுமென்றோ கவனமின்மையாலோ வீட்டைச் சேதப்படுத்துவது. வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது. கடைசியாகச் சொன்னதில் நம்மவர்கள் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னறையை டியூஷன் வகுப்புக்கோ, தெரிந்த பையன் ஒருவன் தங்குவதற்கோ காசுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார் என்பார்கள். பார்த்துக்கொண்டு இருந்ததற்கு எழுத்து இல்லை.

வாடகைக்கு எடுத்தவர் இறந்துவிட்டால்? குடும்பம் மறுநாளே நடுத்தெருவுக்கு வரவேண்டியதில்லை. இறப்பதற்கு முந்திய மூன்று மாதமும் அவரோடு அந்த வீட்டில் குடியிருந்த மனைவி அல்லது கணவன், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் போன்றவர்களில் ஒருவர் வாடகைக்காரராகத் தொடரலாம். 36ஆம் பிரிவு அதற்கு. அப்பா இறந்த மாதத்துச் சீட்டில் நகரசபை எழுத்தர் அம்மாவின் பெயரை எழுதித் தந்தார். டின்னில் அந்த ஒரு சீட்டு மட்டும் தனியாக மடித்துவைக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வீடு இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா

இதுவரை சொன்னதை வாசித்துவிட்டு யாரும் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போய்விடக் கூடாது. காரணம், இன்று மலையக நகரங்களில் வாடகைக்கு இருப்பவர்களில் பலர் இந்தச் சட்டத்தின் குடைக்குக் கீழே இல்லை. 1980இல் வந்த 55ஆம் இலக்கத் திருத்தம் குடையின் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. 1980 ஜனவரி 1ஆம் திகதிக்குப் பிறகு கட்டி வாடகைக்குக் கொடுத்த குடியிருப்புகளுக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது. அந்த நாளில் உரிமையாளரே குடியிருந்து, அதன்பின் வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் பொருந்தாது. வீடு கட்டுவோரை ஊக்குவிக்கவே அப்படிச் செய்தார்கள்.

ஹட்டனில் புதிதாக எழுந்த இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியை, நுவரெலியாவில் வீட்டோடு ஒட்டிக் கட்டிய அனெக்ஸில் இருக்கும் வங்கி ஊழியர், பதுளையில் படிக்க வந்து அறை எடுத்திருக்கும் மாணவர் ஆகியோரெல்லாம் அநேகமாக வெளியே நிற்பவர்கள். கண்டியிலோ மாத்தளையிலோ தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கும் பழைய வீடு என்றால், உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே சட்டத்தரணியிடம் போனால் அவர் கேட்கப்போகும் முதற்கேள்வி: வீடு எப்போது கட்டியது, முதன்முதலில் எப்போது வாடகைக்குக் கொடுத்தது? நகரசபையின் மதிப்பீட்டு ஏட்டில் இதற்கான தடயம் கிடைக்கும்.

சரி, குடைக்கு வெளியே இருப்பவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அவர்களுக்குப் பொருந்துவது ஒப்பந்தமும், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவிதிகளும். அந்த விதிகளில் ஒன்று வாடகைக்காரருக்கு நல்ல துணை: வீடு கைமாறுவதால் மட்டும் வாடகை உரிமை அறுந்துவிடாது, பழைய உரிமையாளரின் இடத்தில் புதியவர் வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கடையில் அச்சடித்து, இருவரும் ஒப்பமிட்டு, சாட்சி வைத்த 'இரண்டு வருட அக்ரிமென்ட்' நொத்தாரிசு இல்லாமல் இரண்டு வருடக் குத்தகையாக நிற்காது. நீங்கள் வெறும் மாத வாடகைக்காரராகவே கொள்ளப்படுவீர்கள். மாத வாடகைக்காரருக்கு முழுதாக ஒரு காலண்டர் மாத முன்னறிவித்தல் கொடுத்தால் வாடகை உரிமை முடிந்துவிடும். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆறு மாத முற்பணத்தையும் கீ மணியையும் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் அசைக்க முடியாது என்று நம்பியிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு வீண்செலவு என்று நினைக்காதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். (வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதற்கே இடமில்லை.)

நொத்தாரிசுக் குத்தகையின் காலம் முடிந்தும் போகாமல் இருந்தால், வழக்கு இழுபடும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பு சிலர் இருந்ததுண்டு. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்று வந்தது. குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையைச் சுருக்கமான நடைமுறையில் மீட்க அது வழிசெய்கிறது. ஆனால் அதிலும் மாவட்ட நீதிமன்றத்தின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். குடைக்குள் இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் பொதுவான நிலம் இதுதான். நீதிமன்ற ஆணை இல்லாமல் உங்கள் அடுப்பை யாரும் வெளியே தூக்கிவைக்க முடியாது.

பூட்டுப் போட்டுவிட்டால்

சட்டம் அப்படிச் சொன்னாலும், ஊரில் வேறு விதமாகவும் நடக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் வேலையிலும் இருக்கும் நேரத்தில் கதவில் இரண்டாவது பூட்டு ஏறிவிடுகிறது. அல்லது மின்சாரம் போகிறது, தண்ணீர்க் குழாய் காய்ந்துபோகிறது. மலையகத்தின் மார்கழிக் குளிரில் கைக்குழந்தையோடு மின்சாரமில்லாத அறையில் எத்தனை இரவு இருக்க முடியும்? வழக்கே தேவையில்லாமல் ஆளைக் கிளப்பும் வழி அது. வாடகைச் சட்டம் பொருந்தும் வீட்டில், முன்பிருந்த வசதிகளைத் தகுந்த காரணமின்றி நிறுத்துவது அந்தச் சட்டத்துக்கே முரணானது.

பூட்டு ஏறிய அன்றே செய்யவேண்டியது பொலிஸ் முறைப்பாடு. "இது சிவில் விஷயம், நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். யாருக்கு உரிமை என்று தீர்ப்பது பொலிஸின் வேலை இல்லைதான். ஆனால் முறைப்பாட்டைப் பதியவேண்டியது அவர்களின் கடமை. தமிழில் பதியுமாறு கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டையும், வெளியே எறிந்த சாமான்களையும் திகதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாட்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிலம், வீடு தொடர்பான தகராறில் சமாதானக் குலைவு ஏற்படும் நிலை இருந்தால், பொலிஸ் அந்த விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பொலிஸ் அசையாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசி (உண்மை என்று சத்தியம் செய்து ஒப்பமிட்ட எழுத்து) முடித்துப் போகலாம். அப்படித் தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், உங்களைத் திரும்பக் குடியேற்றுமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். சொத்து யாருடையது என்ற கேள்விக்குள் அது போகாது. நேற்றுவரை யார் குடியிருந்தார், யார் பலாத்காரமாகப் பறித்தார் என்பதை மட்டுமே பார்க்கும். மற்றதெல்லாம் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில். மத்தியஸ்த சபைக்குப் போவோம், சங்கத்துத் தலைவரிடம் சொல்வோம், கோயில் திருவிழா முடியட்டும் என்று நாளைக் கடத்தினால் இந்த இரண்டு மாதம் விரல் இடுக்கில் தண்ணீர் மாதிரிப் போய்விடும். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், சத்தியக் கடதாசி மறுபக்கம் நடக்கட்டும். இரண்டு மாதம் தவறிப்போனால், உடைமையைத் திரும்பப் பெற மாவட்ட நீதிமன்றத்தில் ஓராண்டுக்குள் வழக்கிடும் வழி மிச்சம் இருக்கிறது. ஆனால் அது நீண்ட பாதை.

லயன் வீடு

மலையகத்தைப் பற்றி எழுதிவிட்டு, தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. லயன் அறைக்கு வாடகை இல்லை, வாடகைச் சீட்டும் இல்லை. வேலையோடு ஒட்டிய குடியிருப்பு அது. ஆகவே வாடகைச் சட்டம் அங்கே கைகொடுக்காது. அப்படியானால் வேலையிலிருந்து பேர் வெட்டப்பட்ட மறுநாளே காம்பராவை, அதாவது அந்த லயன் அறையை, காலி செய்யவேண்டுமா? வேண்டியதில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்கென்று 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. வேலை நிறுத்தப்பட்டாலும் தொழிலாளியையும் அவரில் தங்கியிருப்போரையும் நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற முடியாது. கூரைத் தகரத்தைக் கழற்றுவதும் கதவைப் பெயர்ப்பதும் உத்தரவு ஆகாது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனதால் இந்தப் பாதுகாப்பு போய்விடவும் இல்லை.

நான்கு தலைமுறையாக ஒரே அறையில் பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பெற்றவர்களை அந்தத் தோட்டத்துச் சுடுகாட்டிலேயே வைத்த குடும்பம், சட்டத்தின் கண்ணில் வாடகைக்காரரும் இல்லை, உரிமையாளரும் இல்லை என்று நிற்பது எனக்கு ஆறாத வேதனை. காணி உறுதி கையில் வரும்வரை அந்த வேதனைக்கு மருந்து இல்லை. இருந்தாலும் கையில் இருக்கும் சட்டத்தை அறியாமல் இழக்கக் கூடாது.

வேறொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்து, இடம்பெயருங்கள் என்று கிராம உத்தியோகத்தர் சொன்னால், அது உயிரைக் காக்கும் அறிவித்தல். 2014இல் மீரியபெத்தையை மண் மூடியதை நாம் மறக்க முடியாது. உரிமை போய்விடும் என்று பயந்து அபாயமான இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். போகும்போது கையில் எடுக்கவேண்டிய பையில் அடையாள அட்டைகளோடு உங்கள் சீட்டுகளையும் வையுங்கள்.

உதவிக்கு யாரிடம் போவது? சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்காக 1978இல் ஏற்படுத்தப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் கிளை அலுவலகங்கள் பெரும்பாலும் நீதிமன்றக் கட்டடத்திலோ அதன் அருகிலோ இருக்கும். வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். வந்த கடிதத்தை உறையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் உறையிலுள்ள தபால் முத்திரைத் திகதி சில வேளை கடிதத்தைவிடப் பெறுமதியானது. வாடகைப் பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தம், மின்சாரக் கட்டணப் பட்டியல், அந்த முகவரியில் பதிந்த வாக்காளர் இடாப்பின் பிரதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு தராத வீட்டுக்காரர் என்றால், இந்த மாதத்திலிருந்தாவது வாடகையை வங்கிக் கணக்கில் போட்டு, எந்த மாதத்து வாடகை என்பதைச் சிட்டையில் எழுதுங்கள். அந்தச் சிட்டைகளைப் போட்டுவைக்க ஒரு பிஸ்கட் டின் போதும்.